சட்டைக்கு உள்ளே, சட்டைக்கு வெளியே

சிலுவையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி விவிலியத்தில் எந்த இடத்திலும் சொல்லியிருக்கவில்லை. நாள்தோறும் தன் சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னால் வரச் சொல்கிறார் இயேசு. சுமப்பது வேறு, அணிவது வேறு என்பது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் பொதுநிலையினரின் கழுத்தைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையிலும் அப்படி ஒரு விதி கிடையாது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் போடக் கூடாது என்பதே ஒழுங்கு. ஆனாலும் வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் சிலுவை டாலர்கள் விற்றுக்கொண்டே இருக்கின்றன. கறுப்புக் கயிற்றில் கோத்த மரச் சிலுவை, வெள்ளிச் சிலுவை, கவரிங் செயினோடு சேர்ந்த சிலுவை என்று திருவிழா முடிந்து திரும்புகிறவர் கையில் ஏதாவது ஒன்று இருக்கும்.

யாரும் கேட்காத ஒன்றை ஒருவர் ஏன் போட்டுக்கொள்கிறார்? அது நகையா, காப்பா, சாட்சியா, வெறும் பழக்கமா? ஆலயப் பீடத்திலும் சரி, நீதிமன்றத்திலும் சரி, இந்தப் பேச்சு வந்தால் ‘இது கட்டாயமா?’ என்ற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. கட்டாயம் இல்லாததால்தான் இதற்குச் சொந்தப் பொருள் ஒன்று உண்டாகிறது என்பது என் எண்ணம். அந்தப் பொருளைத் தேட வேண்டுமானால் அதை மாட்டியது யார், அது யார் கண்ணில் படுகிறது, அதற்காக மாட்டியவர் எதை இழக்கத் துணிகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக் கதையை அப்படிப் புரட்டிப் பார்த்தால் நாம் பழகிப்போன பல விஷயங்கள் தலைகீழாகத் தெரிகின்றன.

முதல் முந்நூறு ஆண்டுகளில் கிறிஸ்தவர்கள் சிலுவை அணிந்ததற்குச் சான்று மிகக் குறைவு. காரணம் எளிது: கண்ணெதிரே ஆட்களைக் கொன்ற கருவி அது. கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிடிபட்ட ஆறாயிரம் பேரை, கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலையோரம் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து ஒரு வழக்கில் வாதாடிய சிசரோ, சிலுவை என்ற பெயர்கூட ரோமானியக் குடிமகனின் காதிலும் கண்ணிலும் நினைப்பிலும் படக் கூடாது என்று பேசினார். யூதர்களுக்கோ மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு ஆளானவன். இந்த இரு தரப்பின் அருவருப்பும் தெரிந்துதான், சிலுவையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பெருமை பேசமாட்டேன் என்று கலாத்தியருக்கு எழுதினார் பவுல். தங்கத்தில் வார்த்துப் போட்டுக்கொள்கிற நமக்கு அந்த வாக்கியத்தின் சூடு உறைப்பதில்லை.

ரோமின் பாலட்டைன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். பக்கத்தில் இன்னொருவன் கை தூக்கி வணங்குகிறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குவதாகக் கிரேக்கத்தில் கோணல்மாணலாக எழுதியிருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று இப்படிக் கேலிக்கு வரைந்ததாக இருக்கிறது. யார் அந்த அலெக்சமெனோஸ் என்று தெரியாது. கூட இருந்தவர்கள் கிண்டல் செய்யும் அளவுக்கு அவன் நம்பிக்கை வெளியே தெரிந்திருந்தது என்று மட்டும் ஊகிக்கலாம்.

ஏறத்தாழ அந்தக் கிறுக்கலின் காலத்திலேயே அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, கிறிஸ்தவர்கள் முத்திரை மோதிரத்தில் என்ன செதுக்கிக்கொள்ளலாம் என்று பட்டியல் போட்டார். புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம். சிலுவை அதில் இல்லை. வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் வேறொரு பழக்கத்தைப் பதிவுசெய்கிறார். வாசல் தாண்டும்போது, செருப்பு மாட்டும்போது, குளிக்கும்போது, பந்தியில் உட்காரும்போது, விளக்கேற்றும்போது, படுக்கும்போது எல்லாம் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்களாம். ஆக, அவர்களும் அணிந்தார்கள். விரலால் வரைந்து அணிந்தார்கள். வரைந்த மறுநொடி அங்கே எதுவும் இருக்காது, காட்டிக்கொடுக்கவும் எதுவும் மிஞ்சாது. இதற்கெல்லாம் வேதத்தில் சட்டம் தேடினால் கிடைக்காது, மரபு தொடங்கிவைத்தது, வழக்கம் உறுதிப்படுத்தியது, நம்பிக்கை கடைப்பிடிக்கிறது என்ற பொருளில் அவரே அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறார். ‘கட்டாயமா?’ என்று கேட்கிறவர்களுக்கு கி.பி. 211 வாக்கிலேயே பதில் எழுதியாகிவிட்டது.

நான்காம் நூற்றாண்டில் எல்லாம் மாறிற்று. கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறிஸ்தவத்துக்கு ஆதரவளித்தார். சிலுவைத் தண்டனை வழக்கொழிந்தது. எருசலேமில் இயேசு அறையுண்ட மரம் கிடைத்தது என்ற செய்தி பரவி, அதன் துண்டுகள் உலகம் முழுக்கப் போய்விட்டதாக அந்நூற்றாண்டின் நடுவிலேயே எருசலேம் ஆயர் சிரில் பேசுகிறார். அத்துண்டுகளைப் பொன்னில் பதித்து ஆணும் பெண்ணும் கழுத்தில் தொங்கவிடுவதை மறையுரையாளர் யோவான் கிறிசோஸ்தோம் வியப்போடு குறிப்பிடுகிறார். கொலைக்கருவியைப் பார்த்துப் பழகிய கடைசித் தலைமுறை மறைந்த பிறகுதான் அதை நகையாக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழுத்துச் சிலுவையைப் பற்றி எனக்குத் தெரிந்து மிக அந்தரங்கமான பழைய சாட்சியம் 379இல் இறந்த மக்ரினாவைப் பற்றியது. இன்றைய துருக்கியில், பொந்து நாட்டில், தன் குடும்ப நிலத்திலேயே துறவு இல்லம் அமைத்து வாழ்ந்தவர் அவர். பெரிய பசிலியும் நீசாவின் கிரகோரியும் அவருடைய தம்பிகள். திருச்சபையின் பெரும் சிந்தனையாளர்களான அந்த இருவரையும் உருவாக்கியதில் இந்த அக்காவுக்குப் பெரும் பங்குண்டு. அக்காவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கிரகோரி, அடக்கத்துக்கு முன் உடலைச் சீர்செய்த வேளையைச் சொல்கிறார். அடக்கத்துக்கு உடுத்த நல்ல உடை ஏதும் பெட்டியில் இல்லை. இருந்ததெல்லாம் அவர் உடம்பில் கிடந்ததுதான். வெத்தியானா என்ற உயர்குடிக் கைம்பெண் உடலைச் சீர்செய்யும்போது கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய நூல் தட்டுப்பட்டது. அதில் ஓர் இரும்புச் சிலுவையும் ஓர் இரும்பு மோதிரமும் கோத்து நெஞ்சருகே தொங்கின. நாம் இதைப் பங்கிட்டுக்கொள்வோம், சிலுவை உனக்கு, மோதிரம் எனக்குப் போதும் என்கிறார் கிரகோரி. அந்தப் பெண் உற்றுப் பார்த்துவிட்டு, நீங்கள் எடுத்துக்கொண்டது தவறிப்போகவில்லை, இந்த மோதிரம் உள்ளே குடைவானது, அதில் திருச்சிலுவை மரத்தின் துணுக்கு இருக்கிறது என்கிறார்.

உடைக்குள் மறைந்து கிடந்த சிலுவை அது. செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் கழுத்தில் இரும்பு. அக்காவைப் பற்றித் தம்பிக்கே அவர் இறந்த பிறகுதான் சில விஷயங்கள் தெரிகின்றன. உடனே வெத்தியானா விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து மார்பில் ஒரு சிறு தழும்பையும் காட்டுகிறார். மக்ரினாவுக்கு அங்கே ஒரு கட்டி வந்திருக்கிறது. மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசியவர், தாயிடம் அந்த இடத்தில் சிலுவை அடையாளம் வரையச் சொன்னாராம். கட்டி மறைந்து தழும்பு மட்டும் நின்றதாம். புதுமையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என் கவனம் போவது, ஒரே உடலில் மகள் தானே மாட்டிக்கொண்ட சிலுவையும் தாய் விரலால் வரைந்த சிலுவையும் அருகருகே இருப்பதில்தான். இரண்டும் ஊருக்குக் காட்டுவதற்காக இருந்தவை அல்ல.

காப்பாகச் சிலுவையைப் போடுவது மூடநம்பிக்கை என்று நம் ஊர்ப் பிரசங்கியார்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கிறிசோஸ்தோம் இதையும் கடந்துபோயிருக்கிறார். அவர் காலத்து அந்தியோக்கியாவில் குழந்தைகளைக் குளிப்பாட்டிய செவிலித்தாய்கள் கண்ணேறு படாமலிருக்க நெற்றியில் சேற்றைக் குழைத்து இட்டார்கள். கையில் சிவப்பு நூலும் சிறு மணியும் கட்டினார்கள். கறுப்புப் பொட்டும் அரைஞாண் கயிறும் கண்ட நமக்கு இதில் ஒரு வரிகூட விளக்கம் தேவைப்படாது. கிறிசோஸ்தோம் கோபப்பட்டார். ஆனால் சேற்றைத் துடைத்துவிட்டு நெற்றியைச் சும்மா விடச் சொல்லவில்லை. அந்த இடத்தில் சிலுவை அடையாளம் வரையச் சொன்னார். தாயின் பயம் நியாயமானது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைக்குழந்தைக்குத் திருமுழுக்கின்போது ஞானத்தாய் போடும் மெல்லிய செயினிலும் அந்தப் பயம் கொஞ்சம் கலந்திருக்கும். அதைக் கேலி செய்து எந்தப் பயனும் இல்லை. அந்தச் செயின் குழந்தையைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது தொட்டிலைக் கவனிக்காமல் விட்டால் அப்போது பேசலாம்.

தானாக விரும்பி அணிந்த சிலுவையின் அருமை, பிறர் திணித்த சிலுவைகளைப் பார்த்தால்தான் தெரியும். பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபா அல்-ஹாகிம், கிறிஸ்தவர்கள் கழுத்தில் மரச் சிலுவை தொங்கவிட வேண்டும் என்று ஆணையிட்டார். சும்மா சிலுவை இல்லை, ஐந்து ராத்தல் எடை. அவமானத்தைக் கனமாகவும் கண்ணுக்குத் தெரியும்படியும் சுமக்கவைத்த ஏற்பாடு. கழுத்தெலும்பு கன்றி நீலம் பாய்ந்ததால்தான் கோப்து கிறிஸ்தவர்களை ‘நீல எலும்பு’ என்று ஏசும் வழக்கம் வந்ததாக அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களுக்கு இதைச் செய்தார்கள். பிரான்சின் தென்பகுதியில் கத்தார் என்ற மாற்றுக் கொள்கையைச் சேர்ந்தவர்கள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் உடையில் மஞ்சள் சிலுவை தைக்கப்பட்டது. ஊரார் அவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைக்கத் தயங்கும்படி செய்தது அந்த மஞ்சள் துணி.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 1095இல் கிளெர்மோனில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் அறைகூவல் விடுத்ததும் தோளில் துணிச் சிலுவை தைத்துக்கொண்டு கிளம்பியவர்களில் ஒரு கூட்டம், எருசலேம் போகும் வழியிலேயே, 1096இல், ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களைக் கொன்று குவித்தது. அந்தச் சிலுவையை அவர்கள் விரும்பித்தான் அணிந்தார்கள். ஆகவே விருப்பம் ஒன்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அணிகிறவருக்கு என்ன பொருளோ அதுதான் பொருள் என்பது பாதிதான் சரி. எதிரே நிற்கிறவர் கழுத்தைப் பார்த்ததும் என்ன நினைவுக்கு வருகிறதோ அதுவும் அந்தச் சிலுவையில் தொங்குகிறது. ஒரு யூதப் பாட்டி சிலுவையைக் கண்டு முகம் திருப்பினால் அதை மத வெறுப்பு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

கோப்துகளுக்குத் திரும்புவோம். அவர்களில் ஏராளமானோர் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். சிறு வயதிலேயே குத்திவிடுவார்கள். கழற்ற முடியாது, தேவைப்படும்போது மறைப்பதும் கடினம். ஆலய வாசலில் காவலுக்கு நிற்பவர்கள் வருகிறவர் மணிக்கட்டைப் பார்த்து உள்ளே விடுவதும் உண்டு. சிறுபான்மை அடையாளத்தை அரசு கழுத்தில் ஏற்றிய நாட்டில், அதே அடையாளத்தைத் தாங்களே தோலுக்குள் இறக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். 2015இல் லிபியக் கடற்கரையில் ஐஎஸ் கொன்ற 21 பேரில் 20 பேர் எகிப்தியக் கோப்துகள். ஒருவர் கானாவைச் சேர்ந்தவர். பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போனவர்கள்.

எத்தியோப்பியாவில் திருமுழுக்கின்போது கழுத்தில் ஒரு நூல் கட்டுகிறார்கள். அதற்கு மத்தெப் என்று பெயர். சிலுவை இல்லாவிட்டாலும் அந்த நூல் இருந்தால் ஆள் கிறிஸ்தவர். ரஷ்யாவில் திருமுழுக்குச் சிலுவை சட்டைக்கு உள்ளே, தோலோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். வெளியே தொங்கவிடுவது குருக்களுக்கு உரியது. ஈவிரக்கம் இல்லாதவனைப் பார்த்து, உன்மேல் சிலுவை இல்லையா என்று ஏசுவது அங்கே பேச்சு வழக்கு. இரண்டு பேர் கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொண்டால் உடன்பிறப்பாகிவிடுவார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலில் மிஷ்கினும் ரோகோஷினும் இப்படிச் சிலுவை மாற்றிக்கொள்கிறார்கள். அப்படி மாற்றிக்கொண்ட அதே ரோகோஷின் பிறகு மிஷ்கினைக் கத்தியால் குத்த வருகிறான். சிலுவை கழுத்தில் கிடந்தால் மனிதன் திருந்திவிடுவான் என்று தஸ்தயேவ்ஸ்கிக்கு எந்த மயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. சோவியத் காலத்தில் இந்த உள்ளாடைச் சிலுவையே ஆபத்தாயிற்று. உடையின் மடிப்பில் தைத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

சீர்திருத்தச் சபையினரின் கதை சிக்கலானது. லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளச் சொல்கிறார். இங்கிலாந்தின் தூய்மைவாதிகளோ திருமுழுக்கில் குழந்தை நெற்றியில் சிலுவை வரைவதையே எதிர்த்து 1603இல் அரசரிடம் மனுக் கொடுத்தார்கள். 1643இல் லண்டன் சீப்சைடில் நின்ற பெரிய சிலுவை இடித்துத் தள்ளப்பட்டது. நம் ஊரில் பாடுபட்ட சுரூபம் உள்ள சிலுவை கத்தோலிக்கருடையது, வெறும் சிலுவை மற்றவர்களுடையது என்று பிரித்துப் பார்க்கிறோமே, அதன் வேர் இந்தச் சண்டைகளில் இருக்கிறது. உயிர்த்துவிட்டார், ஆகவே சிலுவை வெறுமையாக இருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. அவர் பட்ட பாடு இல்லாமல் அது இரண்டு கட்டைதான் என்பது மறுதரப்பு. சென்னை பரங்கிமலையில் 1547இல் கிடைத்த, பஹ்லவி எழுத்துப் பொறித்த பழைய கல் சிலுவையில் உருவம் இல்லை. அதைச் செதுக்கியவர்களுக்கு லூத்தரைத் தெரியாது.

பெந்தெகொஸ்தே சபையினர் இந்த வாதத்துக்குள் வருவதே இல்லை. அவர்களில் பலருக்கு நகையே கூடாது. பொன்னாலும் முத்தாலும் அலங்கரித்துக்கொள்ள வேண்டாம் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்திலும் பேதுருவின் கடிதத்திலும் இருப்பதை நேராக எடுத்துக்கொள்கிறார்கள். 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே மிஷன் சபை இதில் மிகக் கண்டிப்பானது. விளைவு வேடிக்கையானது: கம்மல் இல்லாத காது, செயின் இல்லாத கழுத்து, பொட்டில்லாத நெற்றி என்று ஒரு பெண் பேருந்தில் ஏறினால் திருநெல்வேலிப் பக்கத்தில் அவர் எந்தச் சபை என்று கேட்காமலே தெரிந்துவிடும். சிலுவை அணிந்த கத்தோலிக்கப் பெண்ணைவிட அணியாத அவரைத்தான் ஊர் சட்டென்று அடையாளம் காண்கிறது. அணியாமையும் ஓர் அணிதான். அதற்கு அவர் கொடுக்கும் விலையும் பெரிது; கல்யாண வீட்டில் வெறுங்கழுத்தோடு நிற்கிற பெண்ணுக்கு உறவினர் வாயிலிருந்து என்னென்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கத்தோலிக்கர்களுக்கும் இந்த முரண்பாடு உண்டு. திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி, மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருப்பதைப் பிறர் பார்க்கும்படி செய்யாதே, முகத்தைக் கழுவிக்கொள் என்று இயேசு சொல்வது அதில்தான் இருக்கிறது. அதை வாசித்து முடித்த கையோடு நெற்றியில் சாம்பலால் சிலுவை பூசி ஊருக்குள் அனுப்புகிறார்கள். அதற்கு முந்திய அதிகாரத்திலேயே விளக்கை மரக்காலுக்குள் மூடி வைக்காதே என்கிறார். ஒரே மலைப்பொழிவில் இரண்டும் இருப்பதால் உள்ளே போடுகிறவரும் வெளியே போடுகிறவரும் ஆளுக்கொரு வசனத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். 2013இல் பொன் சிலுவையை விட்டுவிட்டுத் தன் பழைய உலோகச் சிலுவையையே தொடர்ந்து அணிந்த திருத்தந்தை பிரான்சிஸ், வெளியே தொங்கினாலும் அடக்கமாக இருக்க முடியும் என்று காட்டினார். பாடகி மடோனா காலத்திலிருந்து மேடையில் மின்னும் சிலுவைகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அது யாருடைய நம்பிக்கையையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை.

தமிழ்க் கழுத்தில் சிலுவை ஏறிய வழி தனியானது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலில் சிலுவை கோத்து அணிந்தார். உடன்பணியாளர்களே அவர்மேல் புகார் செய்ய, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். அடுத்த சண்டை தாலியில் வந்தது. கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையே கட்டிக்கொள்வதாக ரோமுக்கு முறையீடு போயிற்று. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை, அந்தத் தாலியையும் மஞ்சள் தோய்த்த 108 இழை நூலையும் தடைசெய்து, சிலுவையோ இயேசு, மரியா உருவமோ பொறித்த தாலியைக் கட்டச் சொன்னது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இந்த வழக்கை முடித்துவைத்தார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இந்தச் சிக்கல் இல்லாமல் தங்கள் தாலியான மின்னில் சிறு பொன்மணிகளால் சிலுவை பதித்து, மந்திரகோடி என்ற திருமணச் சேலையிலிருந்து உருவிய நூலில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று புலப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவப் பெண் தினமும் அணிகிற சிலுவை, பெரும்பாலும் திருமணத்தன்று கணவன் கட்டிய தாலியில் இருக்கிற சிலுவை. அது அவளுடைய நம்பிக்கையை மட்டும் சொல்வதில்லை. அவள் யார் வீட்டுப் பெண், கணவன் இருக்கிறானா என்பதையும் சேர்த்தே சொல்கிறது. கணவன் இறந்ததும் தாலியைக் கழற்றும் குடும்பங்களில் சிலுவையும் கூடவே இறங்குகிறது. துக்க நாளில், அதை மிக வேண்டுகிற நேரத்தில், ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து சிலுவையைக் கழற்றுவது எந்த இறையியலில் சேரும் என்று எனக்குப் புரிந்ததில்லை. தாலிச் சிலுவையைக் கழற்றியவர்கள் அதை உருக்கித் தனி டாலராகச் செய்து போட்டுக்கொள்வதும் நடக்கிறது. அந்த டாலர் அவர்களே தேர்ந்து போட்டது.

‘கட்டாயமா?’ என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிய கதைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் முகப்பு ஊழியரான நாதியா எவைதா, கோப்து மரபைச் சேர்ந்தவர். பல ஆண்டுகள் சிலுவையைச் சட்டைக்கு உள்ளேதான் அணிந்திருந்தார். 2004இல் சீருடை மாறிக் கழுத்து திறந்த சட்டை வந்தது. 2006இல் சிலுவை வெளியே தெரியும்படி அணியத் தொடங்கினார். சீருடை விதிப்படி மறைக்கச் சொன்னார்கள். மறுத்ததால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் அனுமதி இருந்தது, ஏனென்றால் அவை மதக் கட்டாயம். சிலுவை கட்டாயம் இல்லை, ஆகவே அனுமதி இல்லை. 2007 பிப்ரவரியில் நிறுவனம் விதியை மாற்றிக்கொண்டாலும் அவர் வழக்கை விடவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்கள் கைவிட, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரி 15 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்து 2,000 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. மதம் ஆணையிட்ட செயல் என்று நிரூபிக்கத் தேவையில்லை, நம்பிக்கையோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே நாளில், அதே தீர்ப்பில், ஒரு செவிலியர் தோற்றார். 1971இல் உறுதிபூசுதல் பெற்றதிலிருந்து கழுத்தில் சிலுவை அணிந்தவர் அவர். நோயாளி பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்று மருத்துவமனை தடுத்தது; உடையில் குத்திக்கொள்ளும் வில்லையாகவோ உயர்ந்த கழுத்துள்ள சட்டைக்கு உள்ளேயோ அணியலாம் என்றது. அவர் ஏற்கவில்லை. நீதிபதிகள் ஒருமனதாக மருத்துவமனை பக்கம் நின்றார்கள். எனக்கு இரண்டு முடிவுகளும் சரியாகவே படுகின்றன. பிறர் உடல்நலம் குறுக்கே வரும்போது சிலுவை கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம். சிலுவையின் பொருளே பிறருக்காக விட்டுக்கொடுப்பதுதானே. விமான நிலையத்தில் பயணப்பையை வாங்கிக்கொள்கிறவர் கழுத்தில் அது யாரையும் காயப்படுத்தப் போவதில்லை.

பிரான்சின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளியில் சிறிய சிலுவையை விட்டுவிட்டு, கண்ணில் அறையும் அளவு பெரிய சிலுவையைத் தடுத்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 2019இல் ஆசிரியர், காவலர் போன்ற அரசு ஊழியர் பலருக்கு அளவு பார்க்காமல் எல்லாவற்றையும் தடுத்து, 1936 முதல் தன் சட்டமன்றத்தில் தொங்கிய சிலுவையையும் இறக்கிவிட்டது. பிரான்சின் அளவுகோல் நியாயமாகத் தோன்றினாலும் அதில் ஒரு சூது இருக்கிறது. உள்ளே மறைத்துப் போட முடிகிற மதத்துக்கு அது வசதி. மறைக்க முடியாத முக்காட்டுக்கும் தலைப்பாகைக்கும் வசதி இல்லை. கர்நாடக ஹிஜாப் வழக்கு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது சிலுவையும் உருத்திராட்சமும் ஒப்பீடாக வந்தன. அவை உடைக்குள் அணியப்படுபவை என்று அமர்வில் ஒரு நீதிபதி சுட்டிக்காட்டினார். சிலுவை தப்பித்துக்கொள்கிறது என்று கிறிஸ்தவர்கள் நிம்மதி அடைந்திருந்தால் அது குறுகிய பார்வை. 1954இன் சிரூர் மடம் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ‘மதத்தின் இன்றியமையாத நடைமுறை’ என்ற அளவுகோலில் கழுத்துச் சிலுவையை நிறுத்தினால் அது நிற்காது. இங்கே எந்தச் சபையும் அதை இன்றியமையாதது என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் அதன் அழகு. அந்த அழகுக்கு நம் சட்டத்தில் இடமில்லை.

இந்தியாவில் சிலுவைக்கு உண்மையான விலை சீருடையில் இல்லை, சாதிச் சான்றிதழில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவருக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்கு இல்லை. சேரியில் வாழ்வதும் கல்லறையில்கூட ஒதுக்கப்படுவதும் மதம் மாறியதால் நிற்கவில்லை. சலுகை மட்டும் நின்றது. ஆகவே காகிதத்தில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் வாழும் குடும்பங்கள் ஏராளம் என்பது தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த, யாரும் உரக்கப் பேசாத செய்தி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர், கிறிஸ்தவரை மணந்தவர். விசாரணைக்குப் போன குழு அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குவதைக் கண்டது. அதையும் காரணமாக வைத்து அவருடைய சான்றிதழ் ரத்தானது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. கணவர் மதத்துக்கு மதிப்புக் கொடுத்து ஆலயத்துக்குப் போவதாலோ சுவரில் சிலுவை இருப்பதாலோ ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டதாகக் கொள்வது குறுகிய மனப்பான்மை என்று கண்டித்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் வேறு பக்கம் போயிற்று. குழந்தையாக இருந்தபோதே திருமுழுக்குப் பெற்றவர், ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர் என்பதைச் சுட்டி, இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்றது. இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவே ஒரு வீட்டில் சிலுவை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று வருவாய்த் துறை ஊழியர் கண்ணால்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

சாட்சி சொல்லத் தயங்காதே, சிலுவையை மறைக்காதே என்று இந்த மக்களிடம் பேசும் மேடைப் பேச்சாளரை நான் நம்புவதில்லை. அவருடைய பிள்ளையின் கல்லூரி இடம் அந்த டாலரில் தொங்கவில்லை. மகளின் சான்றிதழுக்காகச் செயினைக் கழற்றிப் பீரோவில் வைக்கிற தாய் சிலுவையை மறுதலித்தாள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை; அவள் அந்த நேரத்தில் சுமப்பது டாலரைவிடக் கனமானது. புதுநன்மை நாளில் வரிசையாகப் பிள்ளைகள் கழுத்தில் சிலுவை மாட்டும் பங்குத்தந்தைக்கு, அதில் எந்தெந்த வீட்டில் அது எப்போது கழற்றப்படும் என்று தெரியும். பதிவேட்டில் எந்தப் பெயரை எழுதுவது, எந்தச் சான்றைக் கொடுப்பது என்று அந்தப் பெற்றோர் அவரிடம்தான் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில், மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய ஓர் ஆணையம் அமைத்தது.